நடுவர் எழுதாத பகுதி

ஒரு கதைநூலைத் திறனாயப் புகுவோன் அதன் முடிவை அறிந்த பின்னரே எழுதுகோலைக் கையில் எடுக்கிறான். கோவலன் மதுரையில் வெட்டுண்டு வீழ்வான் என்பதை அறிந்தவனுக்கே கானல்வரியின் ஊடல் முழுப்பொருள் தருகிறது. முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, இட்ட வித்து எங்கே முளைத்தது, எங்கே சாவியாய்ப் போயிற்று என்று காண்பதே நாம் பயின்றதும் பயிற்றுவிப்பதுமான முறை. அங்ஙனமாயின், முடிவே எழுதப்படாத நூலொன்று கைக்குக் கிடைத்தால் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? முடிவை எழுதாமை அந்நூலாசிரியரின் சோர்வன்று. எழுதியிருந்தால் நூலே பயனற்றுப் போயிருக்கும். அத்தகைய நூல்கள் உள, நூற்றுக்கணக்கில் உள. அவற்றுள் நான்கினை எடுத்துக்கொண்டு, அவற்றை நடத்திக் காட்டுபவரின் கலை யாது என்று ஆராய விழைகிறேன்.

நான் குறிப்பிடுவது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் அமெரிக்க மேசையாட்டத்தை. நம் இளைஞர் பலர் இதனைக் கணினித் திரைவழி அறிந்திருக்கக்கூடும். ஆயினும் அதன் பிறப்பிடம் மேசையே. நால்வரோ ஐவரோ சுற்றி அமர்வர். ஒருவர் மறவன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வன், ஒருவர் சமயகுரு என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். எஞ்சிய ஒருவர் ஏனைய உலகனைத்தையும் ஏற்பார். மழையும் மலையும், வாயிலில் மறிக்கும் காவலனும், குகைக்குள் உறங்கும் பூதமும் அவரே. அவர் இடத்தை விரித்துரைத்து, ‘இப்போது என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்பார். அவர்கள் சொல்வது நடந்ததாகக் கொள்ளப்படும். செய்கை கைகூடுமா என்பது ஐயத்துக்குரியதாயின் பகடை உருட்டப்படும். இவ்வாட்டத்தில் வென்றவர் என்று ஒருவரும் இலர். அடுத்த கிழமை மீண்டும் கூடி விட்ட இடத்திலிருந்து தொடர்வர். உலகை ஏற்கும் அந்த ஒருவரை, 1974ஆம் ஆண்டில் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக வெளிவந்த முதற்பதிப்பு, ‘நடுவர்’ எனப் பொருள்படும் சொல்லால் குறித்தது. ‘டஞ்சன் மாஸ்டர்’ என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. ஆட்டத்தை நான் கதையாட்டம் என்றும், அவரை நடுவர் என்றுமே குறிப்பேன். ‘மாஸ்டர்’ என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. அந்த மயக்கத்துக்கு நானும் ஆளானேன்; அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

நடுவர் என்னும் பதவி போர்க்களப் பயிற்சியிலிருந்து வந்தது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் படையதிகாரி, நிலப்படத்தின்மீது கட்டைகளை நகர்த்தியாடும் பயிற்சியாட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் விதிகளும் அட்டவணைகளும் மிகுதி. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் மற்றொரு பிரஷ்ய அதிகாரி, அட்டவணைகளைத் தள்ளிவைத்து, பட்டறிவு மிக்க நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்றார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்து, 1969இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர் நெப்போலியன் காலப் போராட்டம் ஒன்றை நடத்தினார். படைத்தலைவர் இருவரோடு நில்லாமல், கற்பனையான அப்பிரஷ்ய ஊரின் குடிமக்கள் சிலரையும் நண்பர்களுக்குப் பாத்திரங்களாகக் கொடுத்தார். போர் தொடங்குமுன்னரே ஆட்டம் அவர் கையை விட்டுப் போயிற்று. ஆளாளுக்கு அவரைத் தனியே அழைத்துத் தம் தம் சூழ்ச்சியைச் சொல்லலாயினர்; இருவர் எவரும் எதிர்பாராத வகையில் தனிச்சமர் செய்வதாக அறிவித்தனர். அதற்கு விதியே இல்லை. அவர் அந்த நொடியில் ஒன்றை ஆக்கினார். ஆட்டம் படுதோல்வி என்று எண்ணி அவர் மேசையை ஒதுக்கினார். ஆடியவர்களோ, ‘மீண்டும் எப்போது?’ என்று கேட்டு நின்றனர். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன், இவ்வகை ஆட்டத்தை மாயப்பிறவிகள் உலவும் கோட்டைக்கும் அதன் நிலவறைக்கும் கொண்டுசென்றார். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்து அதனை நூலாக்கினார்.

இந்த வரலாற்றை நான் சொல்லக் காரணம் ஒன்றே. நடுவரின் கையைவிட்டு ஆட்டம் நழுவிய அந்த மாலையில்தான் இக்கலை பிறந்தது. கையைவிட்டு நழுவாதபடி இறுகப் பிடிப்பதே நடுவரின் திறமை என்று கருதுவோர், பிறப்பிலேயே அதற்கு மாறாக நிற்கின்றனர்.

தொல்காப்பியர் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்ததை நம் மாணவரும் அறிவர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பாடலில் இவை பயிலும்போது முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பதும் அவர் கருத்து. அகத்திணைக்கு வகுத்ததை அமெரிக்கப் பூதக்கதைக்கு இழுப்பது தகுமா என்று புலவர் எவரேனும் சினக்கலாம். அவர் சினம் நியாயமானதே. ஆயினும் இக்கதையாட்ட நூல்களை எடைபோட இதனினும் நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை. என் கருத்து இது: கதையாட்டத்தில் முதலும் கருவும் நூலாசிரியரும் நடுவரும் தரத்தக்கவை, உரிப்பொருள் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களிடத்துப் பிறக்கவேண்டியது. முன்னைய இரண்டையும் நிறையக் கொடுத்துவிட்டு, மூன்றாவதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பவரே நல்ல நடுவர்.

கைகாக்ஸ் 1979இல் எழுதிய ‘தி கீப் ஆன் த போர்டர்லேண்ட்ஸ்’ நூலை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லைப்புறக் கோட்டை என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். முப்பத்திரண்டு பக்கங்களே கொண்டது. புதிதாக ஆடத் தொடங்குவோருக்கான பெட்டியுள் பயிற்சி நூலாக வைத்து விற்கப்பட்டமையால், ஒரு தலைமுறை நடுவர்கள் இதிலேயே அரிச்சுவடி பயின்றனர். நாகரிக உலகின் விளிம்பில் ஒரு கோட்டை. அதற்கு அப்பால் காடும் சதுப்பும். அதற்கும் அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் இருமருங்கும் குகை வாயில்கள். குகைக்கொரு குடியாக, கோபோல்டு என்னும் நாய்முகக் குள்ளர், ஓர்க், கோப்ளின் முதலிய பல இனத்தார் வாழ்கின்றனர். கதை என்று ஆசிரியர் தருவது இவ்வளவே. இவர்களை வெல்லவேண்டுமா, இவர்களோடு உடன்படிக்கை செய்யவேண்டுமா, கோட்டையைவிட்டே ஓடிப்போகவேண்டுமா என்பது எழுதப்படவில்லை.

உரைநடை என்ற அளவில் இந்நூலைப் புகழ எனக்கு மனமில்லை. அரசுக் கிடங்கின் இருப்புப் பதிவேட்டைப் படிப்பது போல் இருக்கிறது. எந்த அறையில் எத்தனை பேர், அவர்தம் பையில் எத்தனை காசு, பீப்பாயில் என்ன மது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கோட்டைத் தலைவருக்குப் பெயரில்லை, கடைக்காரருக்குப் பெயரில்லை, கோயில் குருவுக்கும் பெயரில்லை. முதன்முறை படித்தபோது இதனை ஆசிரியரின் வறட்சி என்றே குறித்துவைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது அக்குறிப்பை அடித்தேன். முழுவதும் அல்ல, பாதியை. ஏனெனில் அந்த இருப்புப் பதிவேட்டுக்குள் கருப்பொருள் எவ்வளவு உயிரோடு துடிக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது.

ஒரு சான்று. கோப்ளின்களின் குகைக்கு அண்டையில் ஓகர் என்னும் அரக்கன் ஒருவன் வாழ்கிறான். கோப்ளின்களைப் பகைவர் தாக்கினால் அவர்கள் இரகசியக் கதவு வழியாக ஒரு பை பொற்காசை அவனிடம் எறிந்து உதவிக்குக் கூவுவர். அவனும் கூலிக்குச் சண்டையிட வருவான். இரண்டு மூன்று வரிகளே. ஆனால் இவ்வரிகளை அறிந்த நடுவரின் முன் எத்தனை வழிகள் திறக்கின்றன! காசுக்கு வருபவன் அதிகக் காசுக்கு மாறுவானல்லவா? கோப்ளின்களிடம் காசு தீர்ந்துவிட்டால்? இவற்றுக்கு ஆசிரியர் விடை எழுதவில்லை. ஆடுவோர் கேட்டால் விடை பிறக்கும். கேளாவிட்டால் அரக்கன் தன் குகையிலேயே இருப்பான்.

மற்றொன்று. குகைகளுக்குப் புறப்படுமுன் கோட்டையில் கேட்கக்கூடிய வதந்திகள் இருபதை ஆசிரியர் பட்டியலிட்டுள்ளார். அவற்றுட் சில மெய், சில பொய். ‘பிரீ-யார்க்’ என்பது கோப்ளின் மொழியில் ‘சரணடைகிறோம்’ என்று பொருள்படும் என்பது ஒரு வதந்தி. குகைக்குள்ளே, பகைவரைக் கண்டவுடன் கோப்ளின்கள் தம் இனத்தாரைத் திரட்ட எழுப்பும் கூக்குரல் அதுவே. ‘சரணடைந்துவிட்டார்கள்’ என்று ஆடுவோர் வாளைத் தாழ்த்தும் நேரத்தில் பக்கத்து அறைக் கதவுகள் திறக்கின்றன. இதில் நகைச்சுவை இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, நடுவர் பயிலவேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது. தேர்வு செய்யும் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டால் போதாது. தேர்ந்தெடுக்க ஏதுவான செய்தியையும் கொடுக்கவேண்டும். இருட்டில் இரண்டு வாயில்களைக் காட்டி, ‘இடமா, வலமா?’ என்று கேட்பது தேர்வன்று, நாணயம் சுண்டுவது. ஒரு வாயிலில் புகை நாற்றம், மற்றொன்றில் ஈரக்காற்று என்று சொன்னால், அப்போது அவர்கள் சிந்திக்கத் தொடங்குவர், தமக்குள் வாதிடுவர், வாதத்தில் ஒவ்வொருவர் இயல்பும் வெளிப்படும்.

தம் ஆடுவோர் வாய்மூடி இருக்கின்றனர் என்று குறைகூறும் புதிய நடுவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றனர். சுதந்திரம் கொடுத்தோமே என்பர். கருப்பொருளைக் கொடுத்தார்களா என்பதே கேள்வி. வருணனையும் அளவோடு இருத்தல் வேண்டும். ஓர் அறைக்குக் கண்ணுக்கொன்று, மூக்குக்கொன்று, செவிக்கொன்று என மூன்று செய்திகள் போதும். அதற்குமேல் சொல்லச் சொல்ல, முதலில் சொன்னது மறக்கும். நீண்ட வருணனைக்கு அடிமையான என்போன்றோர்க்கு இது கசப்பான மருந்துதான்.

பகடையைப் பற்றியும் ஒரு சொல். 1981இல் டாம் மோல்ட்வே என்பவர் தொகுத்த தொடக்கநிலை விதிநூலில், எதிர்ப்படும் பிறவியின் மனநிலையை அறிய ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டும் விதி ஒன்று உண்டு. கூட்டுத்தொகை இரண்டானால் உடனே பாயும். பன்னிரண்டானால் நட்புக் கொள்ளும். ஆறு முதல் எட்டு வரை வந்தால் முடிவுக்கு வராமல் தயங்கும். முப்பத்தாறு வாய்ப்புகளில் பதினாறு அந்தத் தயக்கத்துக்கு உரியவை. பாய்தலுக்கும் நட்புக்கும் ஒவ்வொன்றே. இந்த எளிய கணக்கு ஓர் அறத்தை உள்ளடக்கியிருக்கிறது. எதிரில் வருவது பகை என்று முன்கூட்டியே முடிவு கட்டாதே. மற்றெதனினும் மிகுதியாக நேர்வது, இருபுறமும் தயங்கி நிற்கும் சந்திப்புதான். பேச்சுக்கு அங்கே இடமிருக்கிறது. அன்றியும், நடுவருக்கே அடுத்து நிகழப்போவது தெரியாது என்ற நிலையை அது உண்டாக்குகிறது. தான் அறியாத ஒன்றைக் காத்திருந்து கேட்பவரின் முகத்தில் தோன்றும் ஆர்வம், ஆடுவோர் முகத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

பகடையை மறைவில் உருட்டி, வேண்டாத எண் வந்தால் மாற்றிச் சொல்லும் நடுவர்கள் உளர். கைகாக்ஸே 1979இல் எழுதிய நடுவர் வழிகாட்டி நூலில், பகடையை மீறும் உரிமை நடுவருக்கு உண்டு என்று ஒப்புகிறார். மூத்தவர் சொல்லாயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. உருட்டாமலே தீர்ப்பளிக்கலாம், அது நடுவர் உரிமை. உருட்டிய பின் மாற்றுவது, தேர்வு முடிந்தபின் விடைத்தாளைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

கைகாக்ஸின் மற்றொரு நூல் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’. 1975இல் ஓர் ஆட்ட மாநாட்டின் போட்டிக்காக ஆக்கப்பட்டு, 1978இல் அச்சேறியது. மாண்டும் மாளாத மந்திரவாதி ஒருவனின் கல்லறை அது, அடிக்கொரு பொறி. சுவரில் பச்சைநிறப் பேய்முகம் ஒன்று வாய்பிளந்து நிற்கும். அவ்வாய்க்குள் நுழைந்தவர் சுவடின்றி அழிவர். ஆடுவோர்க்குக் காட்டப் படநூல் ஒன்றும் உடன் வந்தது. அது நல்ல ஏற்பாடு. ஆயினும் இங்கே முதற்பொருள் மட்டுமே உண்டு. பேசுவதற்கு ஆள் மிக அரிது, பொய் சொல்ல, இரங்க, விலைபேச வாய்ப்பும் அரிது. பல மேசைகளை ஒரே அளவுகோலால் அளக்க ஆக்கப்பட்டது என்பதை நினைத்தால், இது கதையன்று, தேர்வுத்தாள் என்பது விளங்கும். தேர்வுத்தாளை விரும்பிப் படிப்போரும் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

1980களில் காற்று வேறுபக்கம் வீசியது. இருப்புப் பதிவேடு போதும், உணர்ச்சி வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. 1983இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ அவ்வேட்கையின் சிறந்த விளைவு. மலையுச்சிக் கோட்டையில் ஸ்ட்ராட் என்னும் இரத்தக்காட்டேரிப் பிரபு. தம்பியின் மணமகளை அவன் விரும்பினான், தம்பியைக் கொன்றான், அவளோ மதிலிலிருந்து குதித்து மாய்ந்தாள். நூற்றாண்டுகள் கழித்து அவள் சாயலில் ஒருத்தி கீழூரில் வாழ்கிறாள். நம் இலக்கணம் இதனைப் பெருந்திணை என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பொருந்தாக் காமத்தின் கொடுமை இந்நூலில் வெறும் செய்தியாக இல்லாமல், கோட்டையின் கல்லறை தோறும் படிந்திருக்கிறது.

நூலாசிரியர் உரிப்பொருளை முன்னரே எழுதிவிட்டார் என்றால், என் கொள்கைப்படி இது தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. காரணம், ஹிக்மன் தம்பதியர் கையாண்ட ஓர் உத்தி. ஆட்டத்தின் இடையில் குறிசொல்லும் கிழவி ஒருத்தி சீட்டுகளை விரிக்கிறாள். மேசைமேல் மெய்யாகவே சீட்டுக்கட்டு கலைக்கப்படுகிறது. பிரபுவை வெல்ல உதவும் பொருள்கள் கோட்டையில் எங்கே கிடக்கின்றன, அவனை எங்கே காணலாம், இம்முறை அவன் நாடுவது யாது என்பனவற்றை அச்சீட்டுகளே வகுக்கின்றன. நூல் ஒன்று, நடத்துந்தோறும் கதை வேறு. நடுவரும் சீட்டு விழும்வரை அறியார். மேலும், எழுதப்பட்ட காமம் பகைவனுக்கு உரியது. அதனைக் கண்டு அஞ்சுவதா, இரங்குவதா என்பது ஆடுவோருக்கு விடப்பட்டது. நாடோடி மக்களைச் சூழ்ச்சிக்காரராகத் தீட்டியது இந்நூலின் உண்மையான குறை. 2016இல் விரிவான புதிய வடிவம் வந்தபோதும் அது தொடர்ந்தது. 2020இல் பதிப்பாளரே அக்குறையை ஒப்பித் திருத்த முன்வந்தனர்.

அடுத்த ஆண்டு, 1984இல், தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ வரிசையைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. அதில் ஆடுவோர்க்குப் பாத்திரங்கள் பெயரோடும் வரலாற்றோடும் ஆயத்தமாகத் தரப்படுகின்றன. அப்பாத்திரங்களே இணையாக வெளிவந்த புதினங்களின் தலைமக்கள். புதினத்தில் வேண்டப்படுபவர் மேசையில் இறந்துவிட்டால் என் செய்வது? உடலைக் கண்ணால் காணாதபடி அச்சாவை நடத்துக, பின்னர் மீட்டுக்கொள்ளலாம் என நடுவருக்கு அறிவுரை இருக்கிறது. இதைவிட வெளிப்படையாக ஒரு நூல் தன் நோயைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆட்டக்காரர் இதனைத் தண்டவாளம் இடுதல் என்பர். வண்டி விரைந்து ஓடுகிறது. காட்சிகள் அழகாக இருக்கின்றன. பயணி எழுந்து நின்றாலும் படுத்துக்கொண்டாலும் சேரும் நிலையம் ஒன்றே. புதினமாகப் படித்தால் நான் அதனைக் குறைகூறேன். புதினத்துக்குரிய அறம் வேறு. அதனைக் கதையாட்டத்தின்மீது ஏற்றியதே பிழை. புதியவர்க்குச் சற்றே வழிகாட்டும் வேலி வேண்டும் என்று சிலர் வாதிப்பர். வேலி வேண்டும்தான், எல்லைப்புறக் கோட்டையிலும் நிலப்படத்தின் விளிம்பு வேலியாக நிற்கிறது. வேலிக்கும் தண்டவாளத்துக்கும் வேறுபாடு உண்டு.

இனி, முன்னர்ச் சொன்ன என் கதை. என் பழைய மாணவர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் எல்லைப்புறக் கோட்டையை ஐந்து இளைஞர்க்குத் தமிழில் நடத்தி வந்தார். ஒருநாள் என்னையும் அழைத்தார். நான் மூலையில் அமர்ந்து பார்த்தேன். அன்று அவர்கள் கோபோல்டுக் குகைக்குள் சண்டையிட்டுப் பொதுக்கூடம் வரை சென்றுவிட்டனர். அங்கே போரிட்டவர் வீழ்ந்தபின், சண்டையிடாத குட்டிகள் எஞ்சியிருந்தன. இது நூலில் உள்ளதே. குட்டிகள் தாக்கா என்ற குறிப்போடு கைகாக்ஸ் நிறுத்திக்கொள்கிறார். நடுவர் சொன்னது இவ்வளவுதான்: ‘சுவரோரம் குட்டிகள் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றின் பின்னால் ஒளிகிறது. என்ன செய்கிறீர்கள்?’ மறவன் பாத்திரம் ஏற்ற இளைஞர், ‘வளர்ந்தால் இவையும் கோட்டையைத் தாக்கும்’ என்றார். சமயகுருவாக ஆடிய பெண், ‘நாம்தானே இவர்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறோம்?’ என்று கேட்டார். வாதம் இருபது நிமிடம் நீடித்தது. நடுவர் தேநீரை ஆற்றிக் குடித்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறுதியில் அவர்கள் குட்டிகளை விட்டுவிட்டு, தம் உணவுப்பொதியில் பாதியை அங்கே வைத்துவிட்டு வெளியேறினர். ‘சரி, இருட்டிவிட்டது’ என்றார் நடுவர்.

அக்காட்சியில் நெஞ்சைப் பறிகொடுத்து நானே நடுவராக முனைந்தேன். இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் பழைய மாணவர் நால்வரைப் பள்ளி விடுமுறையில் அழைத்து, அதே குகைக்குள் கொண்டுசென்றேன். அதே குட்டிகள், அதே கேள்வி. ஆனால் மறவனாக ஆடிய பையன் தயங்காமல், ‘வெட்டுகிறேன் ஐயா’ என்றான். என்னால் பொறுக்க முடியவில்லை. காட்டில் வாழும் துறவி ஒருவரைத் திடீரெனக் குகைக்குள் வரவழைத்தேன். அவர் வாளைத் தடுத்து, உயிர்க்கொலையின் தீமையைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார், ஐந்து நிமிடம் பேசினார். பையன், ‘சரி ஐயா, வெட்டவில்லை’ என்றான். அப்போது அவன் பார்வை சுவர்க் கடிகாரத்தின்மீது இருந்தது. முப்பதாண்டுகளில் அந்தப் பார்வையை நான் பல வகுப்புகளில் கண்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

நூலில் காட்டுத் துறவி ஒருவர் உண்டு, பித்துப்பிடித்தவர், உபதேசிப்பவர் அல்லர். கருப்பொருளை நான் என் வசதிக்குத் திரித்தேன். உரிப்பொருளையோ நானே எழுதிவிட்டேன். அவர்கள் செய்ததாக ஒன்றும் இல்லை. நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. இதனை உணர்ந்தபோது இந்தக் கலையின் கடுமை எனக்கு விளங்கிற்று. ஒதுங்கி நிற்பது எளிதென்று எண்ணியிருந்தேன். ஆடுவோர் நல்லதைத் தேர்ந்தால் ஒதுங்கி நிற்பது எளிதே. தீயதைத் தேரும்போதும் ஒதுங்கி நின்று, ஆயின் அதன் விளைவை மட்டும் மறைக்காமல், குறைக்காமல், கூட்டாமல் காட்டுவது எளிதன்று. பெற்றோர்க்கும் எனக்கும் பொறுப்பு இருக்கிறதே என்று ஆசிரியர் கேட்கலாம். இருக்கிறது. எத்தகைய மேசையில் யாரை அமர்த்துகிறோம், எதனை மேசைமேல் வைக்கிறோம் என்பதில் அப்பொறுப்பு முழுவதும் இருக்கிறது. வைத்தபின் அவர்கள் கையைப் பிடித்து எழுதுவதில் இல்லை.

அடுத்த விடுமுறையில் வேறொரு குழு வந்தது. அதே குகை. அவர்கள் வெட்டினர். நான் துறவியை அழைக்கவில்லை. ‘குகை அமைதியாகிவிட்டது’ என்றேன், எது எங்கே கிடக்கிறது என்பதை மூன்று செய்திகளில் சொன்னேன், ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டேன். எவரும் காசுப்பையைத் தேடவில்லை. கள்வனாக ஆடியவன் மட்டும் வெளியே போவதாகச் சொன்னான். அன்றைய ஆட்டம் வழக்கத்தைவிட விரைவில் முடிந்தது.

மந்திரவாதியாக ஆடிய மாணவி நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்து, ‘ஐயா, அந்தக் குட்டிகளுக்கு அம்மா அந்தக் கூடத்தில் இருந்தாளா?’ என்று கேட்டாள். நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெண்கள் எத்தனை பேர் என்ற எண் மட்டுமே அங்கே இருந்தது.